மூன்றாவது நீட்டுக்கு முன்பணம் கட்டாதீர்கள்

பொம்மை செய்வதற்குப் பெயர்போன மதுரை விளாச்சேரியிலிருந்து எழுதியிருக்கிறீர்கள், அம்மா. மகள் இரண்டு முறை நீட் எழுதியும் இடம் கிடைக்கவில்லை. மூன்றாவது தடவை கோச்சிங் சேர்ப்பதா, இல்லை தாய்மாமா சொல்வதுபோல் மூன்று சென்ட் மனையை விற்று வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். படிக்க அனுப்புவதா என்பது உங்கள் கேள்வி. கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: “புத்தகத்தை எடுத்தால் தூங்கிவிடுகிறாள், கொலு சமயத்தில் பொம்மைக்குக் கண் திறக்க உட்கார்ந்தால் விடிய விடிய அசைய மாட்டேன் என்கிறாள்.”

இரண்டு வருடம் போனதால் ஒன்றும் முழுகிவிடவில்லை. ஆறுதல் இதோடு போதும். நீங்கள் கேட்ட இரண்டுமே வேண்டாம் என்பதுதான் என் பதில்.

வெளிநாட்டு மருத்துவப் படிப்பென்றால் அங்கே குறைந்தது 54 மாதப் படிப்பு, 12 மாதப் பயிற்சி, திரும்பி வந்து தகுதித் தேர்வு, அதில் தேறினால் இங்கேயும் பயிற்சி. தேறாவிட்டால் மனையும் இல்லை, பட்டத்தை வைத்து வேலை செய்யவும் முடியாது. விற்கச் சொல்கிற மாமா மேற்கொண்டு கடன் வாங்க வேண்டிவந்தால் அதில் கையெழுத்துப் போடுவாரா என்று கேட்டுப் பாருங்கள். நர்சிங், பிசியோ, பி.டெக். பற்றியெல்லாம் உங்கள் தெருவிலேயே பத்துப் பேர் சொல்வார்கள். நான் சொல்ல வருவது அவர்கள் சொல்லாத ஒன்று: பி.பி.ஓ., அதாவது பேச்சலர் ஆஃப் ப்ராஸ்தெடிக்ஸ் அண்ட் ஆர்த்தாடிக்ஸ். கால் சென்டர் வேலை இல்லை. செயற்கைக் கை கால்களும், காலிப்பர், முதுகுப் பட்டை போன்ற தாங்கு கருவிகளும் அளவெடுத்துச் செய்து பொருத்தும் பட்டப்படிப்பு. நான்கு ஆண்டு, அதோடு ஆறு மாதப் பயிற்சி.

“கட்டைக்கால் செய்கிற பட்டறை வேலைக்கா பிள்ளையை அனுப்புவது?” என்பார் மாமா. பட்டறை வேலைதான், மறைக்க வேண்டியதில்லை. 1968-ல் ஜெய்ப்பூர் காலை உருவாக்கியவர்கள் இருவர். ஒருவர் எலும்பு மருத்துவர் பி.கே. சேத்தி. மற்றவர் ராம் சந்திர சர்மா என்ற கைவினைக் கலைஞர்.

முழங்காலுக்குக் கீழே கால் எடுத்த ஒருவருக்குச் செயற்கைக் கால் எப்படி வருகிறது என்று பாருங்கள். பாதமும் குழாயும் அளவு வாரியாக ரெடிமேடாகக் கிடைக்கும். மிச்சமிருக்கும் காலை வாங்கிக்கொள்ளும் கிண்ணம், அதாவது சாக்கெட், ஆளுக்கு ஆள் செய்தே ஆகவேண்டும். மிச்சமிருக்கும் அந்தக் காலுக்கு, அதாவது ஸ்டம்புக்கு, மெல்லிய உறை மாட்டி, முழங்கால் சில்லுக்குக் கீழுள்ள தசைநார், வெளிப்பக்க எலும்பின் தலை, முன்கால் எலும்பின் விளிம்பு எல்லாவற்றையும் அழியாத பென்சிலால் குறிப்பார்கள். மேலே ஈரமான பிளாஸ்டர் பேண்டேஜைச் சுற்றி, சில்லுக்குக் கீழே இரண்டு கட்டைவிரலையும் அழுத்தி, இறுகும்வரை பிடிக்க வேண்டும். கழற்றினால் அது அச்சு. அதற்குள் ஓர் இரும்புக் குழாயை நிறுத்திப் பிளாஸ்டர் கரைசலை ஊற்றி, காய்ந்ததும் உரித்தால் அந்தக் காலின் உருவம். பென்சில் குறிகளும் அதில் இறங்கியிருக்கும். அச்சு எடுப்பதை உங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் விளக்கத் தேவையில்லை.

வித்தை இதற்குப் பிறகுதான். எடை தாங்கக்கூடிய தசைநாரின் மேலும், முன்கால் எலும்பின் உட்பக்கச் சரிவிலும் அரத்தால் சில மில்லிமீட்டர் சீவுவார்கள். துருத்தும் எலும்பின் மேலும் ஸ்டம்பின் நுனியிலும் பிளாஸ்டர் அப்புவார்கள். சீவிய இடத்தில் சாக்கெட் அழுத்தும், அப்பிய இடத்தில் விலகி நிற்கும். வெளிப்பக்க எலும்பின் தலையை ஒட்டி நரம்பு ஓடுகிறது. அங்கே அப்ப மறந்தால் நாலு எட்டு நடப்பதற்குள் சுரீர் என்று இழுக்கும்.

பிறகு பாலிபுரொப்பிலீன் தகட்டை அடுப்பில் வைத்து, வெள்ளை நிறம் போய்க் கண்ணாடி மாதிரி ஆனதும் எடுத்து உருவத்தின் மேல் போர்த்தி, வாக்குவத்தால் காற்றை உறிஞ்ச வேண்டும். இழுத்துப் போர்த்தினால் நுனி மெலிந்து பின்னால் விரியும். ஆறுவதற்குள் உருவினால் கோணும்.

சாக்கெட்டை ஏறக்குறைய 5 டிகிரி முன்சாய்த்துப் பாதத்தோடு இணைத்து, இரண்டு கம்பிகளுக்கு நடுவே நடக்கவிட்டு, ஆலன் கீயால் நான்கு திருகுகளைக் கால் சுற்று, அரைச் சுற்று என்று சரிசெய்வார்கள். பாதம் அதிகம் முன்னே போனால் முழங்கால் பின்னுக்குத் தள்ளும், அதிகம் பின்னே போனால் மடங்கி விழவைக்கும். முதல் சில மாதங்களில் ஸ்டம்ப் சுருங்கிக்கொண்டே வரும், அதற்கேற்ப ஸ்டம்பில் மாட்டும் உறைகளைக் கூட்ட வேண்டும். கூட்டாமல் விட்டால் கால் உள்ளே இறங்கி நுனி அடியில் இடித்துப் புண்ணாகும். சர்க்கரை நோயாளிக்கு வலியே தெரியாமல் போகலாம். அதனால் கழற்றியதும் தோலைப் பார்க்கச் சொல்ல வேண்டும்: சிவப்பு பத்து நிமிடத்தில் மறையாவிட்டால் சாக்கெட்டில் தப்பு.

பேச்சுத் திறமையும் வேண்டும். கால் வளைந்து பிறந்த குழந்தைக்கு மாவுக்கட்டு முடிந்ததும் கம்பி பூட்டிய ஷூ, முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரம், அப்புறம் நான்கு வயது வரை தூங்கும்போது. “பச்சப்புள்ள அழுது, கழட்டி விடு” என்று பாட்டி சொல்லி, வீட்டில் கழற்றிவிட்டால் கால் திரும்ப வளையும்.

இதே துறையில் சிலிக்கோன் விரல் செய்வதும் உண்டு. தோலின் நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் கலக்க வேண்டும். டியூப் லைட்டுக்கு அடியில் கலந்தால் வெயிலில் வேறு விரலாகத் தெரியும். விரல் முடியும் கோட்டை ஒரு மோதிரம் மறைத்துவிடும். பொம்மை முகத்துக்கு வண்ணம் கலக்கிறவளுக்கு இதை நான் விளக்க வேண்டுமா?

படிக்க, சென்னை அருகே முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனமான நிப்மெட், வேலூர் சி.எம்.சி., பெங்களூரு மொபிலிட்டி இந்தியா, தொலைவு பரவாயில்லை என்றால் கட்டாக், கொல்கத்தா தேசிய நிறுவனங்கள். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியலோடு உயிரியல் எடுத்தவள் என்பதால் தடையில்லை. சேர்க்கை விதி மாறக்கூடியது, அந்தந்த ஆண்டு அறிவிப்பை முழுக்கப் படியுங்கள். இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் அங்கீகாரம் அந்தக் கல்லூரிக்கு, அந்தப் படிப்புக்கு, அந்த ஆண்டுக்கு இருக்கிறதா என்று கவுன்சிலின் இணையதளத்தில் நீங்களே பாருங்கள். பதிவு எண் இல்லாமல் தொழில் செய்தால் 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆறு மாத சர்ட்டிபிகேட் என்று யாராவது நோட்டீஸ் கொடுத்தால் வாங்காதீர்கள்.

செலவில் ஒரே கண்டிப்பு: விடுதி, சாப்பாடு, தேர்வுக் கட்டணம் உட்பட நாலரை வருட மொத்தத்தையும் எழுதி வாங்குங்கள். மனையை விற்றால்தான் முடியும் என்கிற கல்லூரி எவ்வளவு பெயரெடுத்ததாக இருந்தாலும் உங்களுக்கு வேண்டாம்.

குறையும் கேளுங்கள். ஆரம்பச் சம்பளம் சுமார்தான். சில தனியார் சென்டர்களில் பட்டம் வாங்கியவரையே சரக்கு விற்க அனுப்புவார்கள். பிளாஸ்டர் தூசி, அடுப்புச் சூடு, ரெசின் வாடை தினமும் இருக்கும். வெட்டிய காலைத் தொடக் கூசினால் ஒரு வாரம்கூடத் தாங்காது. அதனால் நானோ நீங்களோ முடிவு செய்ய வேண்டாம், அவள் பார்த்துவிட்டுச் சொல்லட்டும். பெரியாஸ்பத்திரியில் விசாரித்து, செயற்கைக் கால் அளவெடுக்கும் இடத்தில் அனுமதி வாங்கி அரைநாள் உட்கார வையுங்கள். நீங்கள் வெளியே இருங்கள். மாமாவைக் கூட்டிப் போகாதீர்கள்.