வலை இருப்பது கோடுகளில்

கேள்வி: ஒட்டகச்சிவிங்கி பற்றிய மொழிபெயர்ப்புக் கட்டுரை ஒன்றில் 'ரெட்டிகுலேட்டட்' என்ற சொல்லைத் 'திட்டுகள் நிறைந்த' என்று தமிழாக்கியிருந்தார்கள். அது சரியா? அதிகம் பேசாதவரைக் குறிக்கும் 'ரெட்டிசென்ட்' என்ற சொல்லும் இதே வேரிலிருந்து வந்ததா?

பதில்: இரண்டுக்கும் இல்லை என்பதே விடை. லத்தீன் மொழியில் 'ரேத்தே' என்றால் வலை. அதன் குறுமை வடிவமாகிய 'ரேத்திகுலும்' சிறு வலையையும், வலையாகப் பின்னிய பையையும் குறித்தது. அதிலிருந்து 'வலைபோல் அமைந்த' என்னும் பொருளில் பிறந்த 'ரேத்திகுலாட்டுஸ்' என்ற சொல்லே ஆங்கிலத்துக்கு வந்தது. 'ரெட்டிசென்ட்' என்பதோ 'பேசாதிருத்தல்' எனப் பொருள்படும் 'தாக்கேரே' என்ற வினையோடு 'ரே' என்னும் முன்னொட்டுச் சேர்ந்து உருவானது. தொடக்கத்து ஒலி ஒத்திருப்பதை மட்டும் வைத்துச் சொற்களுக்கு உறவு கற்பித்தல் ஆகாது.

மொழிபெயர்ப்பில் நேர்ந்த பிழையைத்தான் நான் பெரிதாகக் கருதுகிறேன். கென்யாவின் வடபகுதியிலும் அதை அடுத்த நாடுகளிலும் வாழும் அந்த ஒட்டகச்சிவிங்கியைப் பார்ப்பவர் கண்ணில் முதலில் படுபவை செம்பழுப்புத் திட்டுகள்தாம் என்றாலும், 1899-இல் அதற்கு அறிவியல் பெயர் சூட்டியவர் அத்திட்டுகளைப் பிரித்து ஓடும் மெல்லிய வெண்கோடுகள் ஒன்றோடொன்று கூடி வலையாவதையே கண்டு பெயரிட்டார். திட்டுகள் அந்த வலையின் கண்கள். புள்ளிமானுக்கும் உடலெங்கும் புள்ளிகள் உண்டு. அவற்றைச் சூழ்ந்து கோடுகள் கூடவில்லையாதலால் அதற்கு இச்சொல் பொருந்தாது.

உரோமானியர் சுவர் கட்டிய ஒரு முறைக்கும் இதே சொல்லால் பெயர் உண்டு. அடியில் கூம்பிய சிறு கற்களை அவற்றின் சதுர முகம் வெளியே தெரியுமாறு சாய்சதுரமாக அடுக்கினார்கள். கற்களுக்கு இடையே குறுக்கும் நெடுக்குமாகச் சாய்ந்து செல்லும் காரைக் கோடுகள் வலையாகத் தோன்றின. அது பார்க்க அழகானது, ஆனால் எளிதில் விரிசல் விடக்கூடியது என்று அக்காலத்துக் கட்டடக்கலை அறிஞர் விட்ருவியசே எழுதியிருக்கிறார். அங்கும் கல் வலையாகவில்லை, கல்லைச் சுற்றிய கோடே வலையாயிற்று.

1755-இல் வெளிவந்த தம் ஆங்கில அகராதியில் சாமுவேல் ஜான்சன், 'நெட்வொர்க்' என்ற சொல்லை விளக்க 'ரெட்டிகுலேட்டட்' என்பதையும், அதை விளக்க மீண்டும் 'நெட்வொர்க்' என்பதையும் கையாண்டார். விளக்கம் வட்டமடித்தாலும், கோடுகளுக்கு இடையிலான வெற்றிடங்களை அவர் இரண்டிடத்திலும் குறிப்பிடத் தவறவில்லை.

தமிழில் இதற்குச் சொல் இல்லாமலும் இல்லை. செம்பருத்தி இலையில் நரம்புகள் கிளைத்துப் பின் கூடுவதை நம் தாவரவியல் பாடநூல்கள் 'வலைப்பின்னல் நரம்பமைவு' என்றே சொல்கின்றன. விலங்கின் பெயரில் அவ்வளவு நீளம் வேண்டாம். வரிக்குதிரை என்று வழங்கிப் பழகிய நமக்கு 'வலைவரி ஒட்டகச்சிவிங்கி' எளிதாகவே விளங்கும். அக்கட்டுரையில் நான் அப்படித்தான் திருத்தியிருப்பேன்.