எத்தனை மில்லிமீட்டர் இறக்கலாம்?

அன்புள்ள ஐயா,

பழைய கார்களைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். என்னிடம் 1973ஆம் ஆண்டின் பிஎம்டபிள்யூ 2002 இருக்கிறது. இன்ஜின் வேலையும் தகர வேலையும் முடிந்துவிட்டன. ஆனால் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே கை முஷ்டி நுழையும் அளவுக்கு இடைவெளி. பார்க்கவே பிடிக்கவில்லை. வண்டியின் உடலை 60 மி.மீ. கீழே இறக்கும் ஸ்பிரிங்குகளைப் போட்டு, 13 அங்குலச் சக்கரங்களைக் கழற்றிவிட்டு 195/50 டயரோடு 15 அங்குலச் சக்கரங்களை மாட்டலாம் என்றிருக்கிறேன். ஷாக் அப்சார்பர்களில் எண்ணெய்க் கசிவு இல்லை, அவற்றை மாற்றவேண்டாம் என்கிறார் நண்பர். உங்கள் கருத்து என்ன?

ர.

அன்புள்ள ர.,

கசியவில்லை என்பது ஷாக் அப்சார்பருக்கு நற்சான்று ஆகாது. அதற்குப் பிறகு வருகிறேன். அதைவிடப் பெரிய சிக்கல் அந்த 60 மி.மீட்டரில் இருக்கிறது.

காரை இறக்க நினைக்கிறவர்கள் கண்ணுக்குத் தெரிகிற இடைவெளியைத்தான் அளக்கிறார்கள். அளக்கவேண்டியது வேறு. வண்டி நிற்கும் நிலையிலிருந்து, பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர் கட்டையில் முட்டும்வரை சக்கரம் மேலே ஏற எவ்வளவு இடம் இருக்கிறது? கணக்குக்காக 80 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 60 இறக்கினால் மிச்சம் 20. முன்பு 80 மி.மீ. தூரத்தில் ஸ்பிரிங் வாங்கிக்கொண்ட அதே அடியை இப்போது 20 மி.மீட்டருக்குள் வாங்கவேண்டும். ஸ்பிரிங்கில் சேரும் ஆற்றல் அது அமுங்கும் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. தூரம் நான்கில் ஒரு பங்கானால் விறைப்பு பதினாறு மடங்காகவேண்டும். 30 மட்டும் இறக்கினால் மிச்சம் 50. தேவை ஏறத்தாழ இரண்டரை மடங்கு. ஷாக் அப்சார்பரும் ரப்பர் கட்டையும் பாரத்தில் பங்கு கொள்வதால் நடைமுறையில் இவ்வளவு தேவைப்படாது என்பது உண்மை. ஆனால் 30ஐ இரட்டித்தால் 60 என்ற கணக்கு இங்கே செல்லாது என்பது புரியும். பதினாறு மடங்கு விறைப்பான ஸ்பிரிங்கை யாரும் விற்பதில்லை. ஆகவே அவ்வளவு இறக்கிய வண்டி ஸ்பிரிங்கின்மேல் ஓடுவதைவிட ரப்பர் கட்டையின்மேல் ஓடும் நேரமே அதிகம். அந்த முரட்டுத்தனத்தைத்தான் பலர் பந்தய வண்டியின் விறைப்பு என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.

உங்கள் காருக்கு என் வரம்பு 30 மி.மீ. அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. முன்புறம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாகச் சேர்ந்து சக்கரத்தைத் தாங்கும் அமைப்பு. உடல் இறங்கும்போது, சக்கரத்தைக் கீழே உடலோடு இணைக்கும் கீழ்க்கை வெளிப்பக்கமாக மேல்நோக்கிச் சாய ஆரம்பிக்கிறது. வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, ஈர்ப்பு மையத்தைவிட வேகமாகக் கீழே போகிறது. இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் கூடினால் வளைவில் சாயவைக்கும் விசையும் கூடும். தாழ்த்திய கார் அதிகமாகச் சாய முற்படும் விந்தை இப்படித்தான் நேர்கிறது. ஸ்ட்ரட்டின் அடிப்பாகத்துக்கும் ஸ்டீயரிங் கைக்கும் நடுவே ஸ்பேசர் என்ற ஓர் இடைத்துண்டைப் பொருத்தி இதை ஓரளவு மீட்கலாம். பின்புறத்தில் செமி டிரெய்லிங் ஆர்ம், அதாவது சக்கரத்தைப் பின்னால் தாங்கிநிற்கும், சாய்வான அச்சில் ஆடும் கை. அங்கே இறக்க இறக்கச் சக்கரத்தின் தலைப்பகுதி உள்ளே சாயும், டயரின் உள்விளிம்பு தேயும். தொழிற்சாலை அமைப்பில் இதைத் திருத்த வழியில்லை.

வாங்குவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்புவரை நான்கு மூலைகளிலும் அளந்து எழுதிவையுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயரின் உயரமும் காற்றழுத்தமும் சேர்ந்து குழப்பும். ஐம்பது வயது ஸ்பிரிங் ஏற்கெனவே தளர்ந்து இறங்கியிருக்கக்கூடும். விற்பவர் சொல்லும் 30 மி.மீ. தொழிற்சாலை உயரத்திலிருந்து கணக்கிட்டது. தளர்ந்த ஸ்பிரிங்கைக் கழற்றிப் புதியதைப் போட்டபின் வண்டி கொஞ்சமும் இறங்கவில்லை என்று விற்றவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். இருக்கிற ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை அறுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால், கேட்டுக்கொண்டு வந்துவிடுங்கள், செய்யாதீர்கள்.

இனி ஷாக் அப்சார்பர். சுருளை அமுக்கினால் அது திரும்ப எழும். எழும் வேகத்தைக் கட்டுப்படுத்துவது இதன் வேலை. விறைப்பான ஸ்பிரிங் இன்னும் வேகமாக எழும், ஆகவே விரியும் திசையில் கூடுதல் பிடிப்பு வேண்டும். பழைய ஷாக் அப்சார்பர் மிருதுவான ஸ்பிரிங்குக்காக அமைக்கப்பட்டது. அதன் உள்வால்வுகள் தேய்ந்திருந்தாலும் வெளியே ஒரு சொட்டு எண்ணெய் வராது. நீளமும் முக்கியம். இறக்கிய வண்டியில் அசல் நீள ஷாக்கின் பிஸ்டன் எப்போதும் அடியை ஒட்டியே வேலை செய்யும். ஜாக்கி வைத்துத் தூக்கினாலோ, ஷாக் முழுதாக நீண்டு, குட்டையான ஸ்பிரிங் தன் இருக்கையில் கழன்று ஆடும். இதனால்தான் ஷாக் தயாரிக்கும் பில்ஸ்டீன் நிறுவனம் அசல் உயரத்துக்கு பி6 என்றும், இறக்கிய வண்டிக்குக் குட்டையான பி8 என்றும் பிரித்து வைத்திருக்கிறது. கோனி என்ற இன்னொரு நிறுவனத்தின் சிவப்பு நிற ஷாக்குகளில் விரியும் திசைப் பிடிப்பைத் திருகி மாற்றிக்கொள்ளலாம். எந்த ஸ்பிரிங் என்று இன்னும் முடிவு செய்யாதவர்களுக்கு அது வசதி. பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் முதலில் ஷாக்கை மாற்றுங்கள், ஸ்பிரிங் காத்திருக்கட்டும்.

சக்கரத்துக்கு வந்தால், உங்கள் திட்டமே உங்களுக்கு எதிராக வேலை செய்கிறது. அசல் 165 டயர் 13 அங்குல ரிம்மில் ஏறத்தாழ 594 மி.மீ. விட்டம். 195/50 ஆர்15 டயர் (அகலம் 195 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 50 சதவீதம், ரிம் 15 அங்குலம்) 576. ஆரத்தில் 9 மி.மீ. குறைவு. அதாவது அடிப்பாகம் தரைக்கு 9 மி.மீ. நெருங்கும், உங்களை உறுத்தும் மட்கார்டு இடைவெளியோ 9 மி.மீ. கூடும்! வேகமானியும் மூன்று சதவீதம் கூடுதலாகக் காட்டும். 185/70 ஆர்13 டயர் போட்டால் விட்டம் 589. இடைவெளி பெரிதாக மாறாது, கூடுதல் அகலமும் கிடைக்கும். இந்தக் காரின் தோற்றத்துக்கும் 13 அங்குலம்தான் பொருத்தம் என்பது என் ரசனை, நீங்கள் மறுக்கலாம்.

ரிம் வாங்கும்போது நான்கு போல்ட், 100 மி.மீ. வட்டம் என்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள், ஆஃப்செட்டையும், அதாவது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அதைப் பொருத்தும் முகம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதையும் பாருங்கள். அகலம் ஓர் அங்குலம் கூடி ஆஃப்செட் மாறாவிட்டால் இருபக்கமும் 12.7 மி.மீ. நீளும். ஆஃப்செட் 10 குறைந்தால் வெளியே 22.7, உள்ளே 2.7. வெளியே மட்கார்டு, உள்ளே ஸ்ட்ரட். எது முதலில் உரசும் என்பதை ஸ்பிரிங்கைக் கழற்றிய நிலையில் சக்கரத்தை மேலே தூக்கியும் ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பியும் பார்த்தபின் முடிவெடுங்கள்.

பொருத்துகிற மெக்கானிக்கிடம் ஒன்று சொல்லிவிடுங்கள். சக்கரத்தைத் தாங்கும் கைகளின் மூட்டுகளிலுள்ள ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளை வண்டி தன் சக்கரங்களில் நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்கவேண்டும். ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். அதன்பின் வீல் அலைன்மென்ட், முகப்பு விளக்குகளின் கோணம்.

நான்கு மூலைகளின் அளவையும் அனுப்புங்கள். ஸ்பிரிங்கின் விறைப்பைப் பற்றி அதைப் பார்த்தபின் எழுதுகிறேன்.