அடியில் படிந்தது சர்க்கரையா?

கேள்வி: சோவினியோன் பிளாங், செமியோன் என்று இரண்டு திராட்சைப் பெயர் போட்ட ‘ட்ரை’ வெள்ளை ஒயின் வாங்கினேன். பத்து நாள் வீட்டுக் கூடத்தில், பட்டாசாலை அலமாரியில் இருந்தது, பிறகு ஃபிரிட்ஜில் வைத்தேன். இப்போது பாட்டில் அடியில் கற்கண்டுத் தூள் போல ஏதோ கிடக்கிறது. இனிப்பில்லாதது என்று சொல்லிச் சர்க்கரை கலந்திருக்கிறார்களா? இரண்டு ரகம் கலப்பதே கலப்படம்தானா? திருப்பித் தரலாமா?
- வாசகர், காரைக்குடி

பதில்: தூளில் ஒரு துளி நாக்கில் வையுங்கள். இனிக்காது, லேசாகப் புளிக்கும். திராட்சையின் டார்டாரிக் அமிலமும் பொட்டாசியமும் சேர்ந்த உப்பு அது. குளிர் பட்டால் படியும். ஒயின் ஆலையில் உறைநிலையை ஒட்டிய குளிரில் சில நாள் வைத்து இதை முன்கூட்டியே வடித்துவிடுவார்கள். அங்கே விட்டது உங்கள் ஃபிரிட்ஜில் படிந்திருக்கிறது. உடம்புக்குக் கெடுதல் இல்லை. ஆட்டாமல் ஊற்றி, கடைசி ஒரு விரல் அளவை விட்டுவிடுங்கள். இதற்காகத் திருப்பிக் கொடுக்க முடியாது.

‘ட்ரை’ என்றால், சாற்றிலுள்ள சர்க்கரையை ஈஸ்ட் ஏறக்குறைய முழுக்கத் தின்று தீர்த்துவிட்டது என்று பொருள். பொதுவாக லிட்டருக்கு 4 கிராமுக்கு மேல் மிஞ்சாது.

ரகம் கலப்பது கலப்படமில்லை. பிரான்சின் போர்தோ வட்டாரத்தில் இது பழைய ஜோடி. பழத்தைப் பிழிந்ததுமே தோலைப் பிரித்து, சாற்றைக் குளிரில் தெளியவைத்து, 12 முதல் 18 டிகிரியில் இரண்டு மூன்று வாரம் நொதிக்க விடுவார்கள். சூடு ஏறினால் வாசனை வாயுவோடு போய்விடும். சோவினியோன் எலுமிச்சைப் புளிப்பும் பச்சிலை மணமும் தரும், தனியாகக் குடித்தால் கொஞ்சம் வெடுக்கென்று இருக்கும். செமியோன் அதற்குக் கனம் கூட்டும். பெரும்பாலும் தனித்தனியாக நொதிக்கவைத்து, சின்ன அளவில் கலந்து ருசி பார்த்த பிறகே தொட்டியில் சேர்ப்பார்கள்.

எனக்குக் கவலை அந்தப் பத்து நாள்தான். வீட்டுத் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் காலுக்குத்தான் குளிர்ச்சி. சித்திரை வெயிலில் அலமாரிக்குள் 30 டிகிரியைத் தாண்டும். கார்க் மேலே எழும்பியிருக்கிறதா, ஓரத்தில் பிசுபிசுப்பு உண்டா பாருங்கள். திறந்தால் தேயிலை நிறமும் அடிபட்ட ஆப்பிள் வாடையும் வந்தால் கெட்டுவிட்டது. அடுத்த முறை கடையிலேயே கார்க்கைப் பாருங்கள். எழும்பியிருந்தால் வாங்க வேண்டாம். வீட்டுக்கு வந்தபின் கண்ணில் பட்டால் திறக்காமல் பில்லோடு அன்றைக்கே போய்க் கேளுங்கள்.

குடிக்கப் பத்து நிமிடம் முன்பு வெளியே எடுத்தால் 8, 10 டிகிரிக்கு வந்துவிடும். இறால் மிளகு வறுவலுக்கு நன்றாகப் பொருந்தும். வரமிளகாய் அள்ளிப் போட்ட கோழிக்கு வேண்டாம், ஆல்கஹால் காரத்தை இன்னும் ஏற்றும். இனிப்பான கந்தரப்பத்தோடு குடித்தால் வெறும் புளித்தண்ணிதான். மிச்சத்தை மூடி ஃபிரிட்ஜில் வைத்து மூன்று நாளுக்குள் முடியுங்கள்.