நுவரெலியாவில் கடலை வேகாதது ஏன்?

சகோதரி, கொழும்பில் ஒரு மணித்தியாலத்தில் வெந்த கடலை நுவரெலியாவுக்குக் குடிவந்ததும் வேகமாட்டேன் என்கிறது, மாமி கண்ணூறு என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். கண்ணூறு இல்லை, காரணம் உயரம்தான்.

கடல் மட்டத்தில் தண்ணீர் கொதிப்பது 100 பாகை செல்சியசில். 300 மீற்றர் ஏறினால் சுமார் 1 பாகை குறையும். நீங்கள் இருப்பது ஏறத்தாழ 1,868 மீற்றரில், அங்கே 94 அளவிலேயே கொதித்துவிடும். பதுளையில்கூட 98 வரும். பானை தளதளவென்று கொதிக்கும், ஆனால் சூடு அதற்குமேல் ஏறாது. அடுப்பைக் கூட்டினால் தண்ணீர் வற்றுவதுதான் மிச்சம், விறகும் வீண்.

பிரஷர் குக்கர் வாங்குங்கள். மூடிக்குள் அழுத்தம் ஏறுவதால் கொதிநிலை 100ஐத் தாண்டும். அதுவரை இரவே ஊறவைத்து, வேகும்போது ஒரு சிட்டிகை அப்பச்சோடா போடுங்கள். அப்புறம், புளியும் தக்காளியும் கடலை மெத்தென்று வெந்த பிறகுதான். முதலிலேயே விழுந்தால் புளிப்பு தோலை இறுக்கிவிடும்.