பூர்வீக வீட்டைப் பகிர்வு அலுவலகமாக மாற்றலாமா?

"காரைக்குடியில் பூட்டிக் கிடக்கும் எங்கள் பூர்வீக வீட்டைச் சிறுதொழில் செய்பவர்களுக்கான பகிர்வு அலுவலகமாக்கினால் சரிப்படுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகச் சரிப்படும். தேவகோட்டையில் எங்கள் வீட்டில் அப்படித்தான் நடத்தி வருகிறேன். உங்கள் வீட்டிலும் பங்காளிகள் பலர் இருப்பார்கள் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

வரைபடம் போட வந்தவர், முற்றத்தைக் கண்ணாடியால் மூடி ஏசி வைக்கவும், பக்க அறைகளை இடித்து ஒரே கூடமாக்கவும் சொன்னார். நான் சம்மதிக்கவில்லை. வளவை, அதாவது முற்றமும் அதை ஒட்டிய தாழ்வாரமும் சேர்ந்த பகுதியை, சுற்றி அந்த அறைகளை எதற்காகக் கட்டினார்கள்? கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் தனி அறை, தனிப் பூட்டு, தனிச் சமையல். வளவு எல்லோருக்கும் பொது. இன்று கணக்குப் பார்ப்பவரும் இணையத்தில் புடவை விற்பவரும் கேட்பது இதே ஏற்பாட்டைத்தான். இடித்திருந்தால் என்ன மிஞ்சியிருக்கும்?

சத்தம்தான் பெரிய சிக்கல். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும் வழவழப்பான சுண்ணாம்புச் சுவரும் ஒலியை அப்படியே திருப்பி அனுப்பும். வளவில் ஒருவர் தொலைபேசியில் பாக்கி கேட்டால், எவ்வளவு பாக்கி என்பது வளவுக்குப் பின்னால் உள்ள இரண்டாம் கட்டு வரை தெரிந்துவிடும். கோரைப்பாயும் தடித்த திரைச்சீலையும் ஓரளவுக்குத்தான் உதவும். ஆகவே ஓர் அறையைப் பேசுவதற்கென்றே ஒதுக்குங்கள். முற்றத்து வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி மேசைகளைப் போடுங்கள். முதுகுப் பக்கம் விழுந்தால் கணினித் திரையில் எதுவும் தெரியாது. சுவரில் துளை போட விடாதீர்கள். பழைய பூச்சு பாளமாகப் பெயர்ந்து விழும். அதே பக்குவத்தில் பூசித்தர ஆள் கிடைப்பது அரிது. நாங்கள் ஒயர்களைச் சுவரின் மேலேயே மரச்சட்டத்துக்குள் ஓட்டினோம்.

முன்னோர் வீட்டை வாடகைக் கடையாக்கிவிட்டதாகச் சிலர் இந்தப் பதிலுக்குக் கீழும் எழுதுவார்கள். எங்கள் தெருவில் ஒரு வீடு பங்காளி வழக்கில் ஆண்டுக்கணக்காகப் பூட்டிக் கிடந்தது. ஓடு சரிந்தது, மழை இறங்கியது. பிறகு நிலை, கதவு, பர்மா தேக்குத் தூண் என ஒவ்வொன்றாகப் பழம்பொருள் கடைக்கு லாரி ஏறின. அன்றைக்கு ஊரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

வேலை தொடங்குமுன் பங்காளிகள் அனைவரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். மின் இணைப்பை வணிகப் பிரிவுக்கு மாற்றுங்கள். உங்களிடம் இடம் எடுப்பவர் ஜிஎஸ்டி பதிவுக்கு அந்த முகவரியைக் காட்ட வாடகை ஒப்பந்தமோ சம்மதக் கடிதமோ கேட்பார். கூடவே சொத்து வரி ரசீதோ மின் கட்டண ரசீதோ வேண்டியிருக்கும். அந்த ரசீது இன்னும் ஐயா (தாத்தா) பெயரிலேயே இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.