8 + 4 = ☐ + 5: கட்டத்தில் 12 எழுதும் பிள்ளைக்கு என்ன சொல்லித் தருவது?

கேள்வி: மகன் ஐந்தாம் வகுப்பு படிக்கிறான். கூட்டல், கழித்தல் எல்லாம் சரளமாகப் போடுவான். ஆனால் 8 + 4 = ☐ + 5 என்று கொடுத்தால் கட்டத்தில் 12 என்று எழுதுகிறான். கவனக்குறைவா? இன்னும் நிறையக் கணக்குப் போட வைக்கட்டுமா?

பதில்: இரண்டு பக்கமும் 12 ஆக வேண்டும், அதனால் கட்டத்தில் வர வேண்டியது 7. ஆனால் அவன் 12 எழுதுவது கவனக்குறைவு இல்லை. தனக்குத் தெரிந்த விதிப்படி அவன் சரியாகத்தான் போட்டிருக்கிறான், அந்த விதிதான் கோளாறு.

இதுவரை அவன் பார்த்த கணக்குகளை நினைத்துப் பாருங்கள். இடப்பக்கம் கூட்டவோ கழிக்கவோ ஏதாவது இருக்கும், அப்புறம் சமக்குறி, அதற்குப் பக்கத்தில் விடை எழுத இடம். கால்குலேட்டரிலும் அந்தப் பட்டனைத் தட்டினால்தான் விடை வருகிறது. ஆக, யாரும் சொல்லித் தராமலேயே '= வந்தால் அடுத்து விடையை எழுது' என்று மனதில் பதிந்துவிடுகிறது. சமக்குறி என்றால் என்ன என்று கேட்டால் 'இரண்டு பக்கமும் சமம்' என்று ஒப்பித்துவிடுவான், ஆனால் பென்சில் பிடித்த கை அந்த வரையறையைக் கேட்பதில்லை. கணிதக் கல்வி ஆய்வாளர்கள் டேவிட் டாலும் ஷ்லோமோ வின்னரும் 1981-இல் எழுதியது இதைத்தான்: ஒரு கருத்தின் வரையறை வேறு, அதைப் பற்றி மாணவர் மனதில் உருவாகியிருக்கும் படிமம் வேறு.

இன்னொரு சிக்கலும் இதில் இருக்கிறது, எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. 8 + 4 என்பது அவனுக்கு இன்னும் ஒரு வேலை, செய்து முடித்தாக வேண்டிய வேலை. அதையே, கூட்டாமல் அப்படியே விட்டாலும், ஓர் எண்ணாகவும் பார்க்க முடிந்தால்தான் அந்தப் பக்கம் இருக்கும் ☐ + 5-உடன் ஒப்பிட முடியும். பின்னால் அல்ஜீப்ராவில் இரண்டு பக்கமும் எக்ஸ் வரும்போது பல பிள்ளைகள் திணறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதனால் அதே மாதிரிக் கணக்குகளைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். நிக்கோல் மெக்நீல் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், இந்த வகைக் கணக்குகளில் 7 வயதுப் பிள்ளைகளைவிட 9 வயதுப் பிள்ளைகள்தான் அதிகம் தவறு செய்தார்கள். பழகப் பழகப் பழைய விதி இறுகிவிடுகிறது.

பதிலாக, விடை கேட்காமல் சரியா தவறா என்று மட்டும் கேளுங்கள். 7 = 3 + 4, 8 = 8, 3 + 5 = 5 + 3. '8 = 8' தப்பு என்று அடித்துச் சொல்வான், உடனே திருத்தாதீர்கள், ஏன் என்று கேட்டு அவனையே பேசவிடுங்கள். அப்புறம் 37 + 48 = 36 + 49 கொடுத்து, கூட்டக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். ஓர் எண்ணில் 1 குறைந்தது, இன்னோர் எண்ணில் 1 கூடியது, அதனால் சமம்தான் என்று அவன் வாயிலிருந்தே வர வேண்டும். தராசுப் படம் வரைந்து காட்டுவதும் உதவும், குறை எண்கள் வரும்வரை.

நோட்டில் 5 + 3 = 8 + 2 = 10 என்று தொடர்ச்சியாக எழுதுகிறானா என்றும் பாருங்கள். விடை சரியாக இருக்கிறதே என்று விட்டுவிட வேண்டாம், 5 + 3-உம் 8 + 2-உம் சமமில்லையே. இரண்டு வரியாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள்.

கொஞ்ச நாள் கழித்து 15 + 9 = ☐ + 10 கொடுத்துப் பாருங்கள். கூட்டிப் பார்க்காமலே 14 என்றால் பிடித்துவிட்டான். 24 என்று எழுதினால் சரியா தவறா கேள்விகளையே இன்னும் கொஞ்சம் தொடருங்கள்.