பி.டி. பீரியடைக் கடன் வாங்கிய டீச்சர் சொல்கிறேன்

கேள்வி: என் மகன் மூன்றாம் வகுப்பு. நாலே காலுக்கு வேன் இறக்கிவிட்டதும் பையை வீசிவிட்டுத் தெருவுக்கு ஓடுகிறான். படிக்க உட்கார்ந்தால் பத்து நிமிஷம் தாங்குவதில்லை. பென்சில் சீவுவான், தண்ணி கேட்பான். ஸ்கூல் விட்டதும் நேராக டியூஷனுக்கு அனுப்பிவிட்டு, விளையாட்டை ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாமா டீச்சர்?
– ஒரு தாய், வில்லாபுரம்

வேண்டாம்மா. இதைச் சொல்ல எனக்கு வாய் உண்டா என்பது வேறு விஷயம். ஒத்தக்கடைப் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளியில் வேலை பார்த்த காலத்தில், பி.டி. பீரியடைக் 'கடன்' வாங்கிக் கணக்குப் போட்டவள் நான். ஒரு நாளும் திருப்பிக் கொடுத்ததில்லை. வீட்டுப்பாடம் எழுதாதவனை விளையாட விடாமல் உள்ளே உட்கார வைத்ததும் உண்டு. மத்தியானம் அவன்தான் வகுப்பில் அதிகமாக நெளிவான். அந்த நெளிசலுக்குக் காரணம் நான்தான் என்று புரிய ரொம்ப நாளாச்சு.

பிறகு ஒரு வருஷம், சத்துணவு முடிந்து கண் சொக்கும் நேரத்தில் டிக்டேஷன் வைப்பதை விட்டேன். முதலில் ஒரு கதை, அப்புறம் வேப்பமரத்தடியில் கால் மணி நேரம் நொண்டி, கல்லா மண்ணா. முகம் கழுவி வந்து எழுதினால் 'ழ'வும் 'ள'வும் இடம் மாறுவது குறைந்தது. ஏழாம் வாய்ப்பாடு வராத ஒருவனுக்குப் பாண்டிக் கட்டத்தில் 7, 14, 21 என்று எழுதி நொண்டியடிக்க வைத்தேன். 49-ல் தவறாமல் கோட்டை மிதிப்பான். இரண்டு வாரத்தில் வாய்ப்பாடு வந்துவிட்டது. (சும்மா ஓடினால் வராது, சொல்லிக்கொடுக்கவும் வேண்டும்.)

இது என் கைவைத்தியம் மட்டுமில்லை. அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஹில்மன் குழுவினர் 2009-ல் ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளை 20 நிமிஷம் நடக்கவிட்டுச் சோதித்தார்கள். சும்மா உட்கார்ந்திருந்த நாளைவிட நடந்த நாளில் கவனம் சிதறாமல் விடை சொன்னார்கள், வாசித்ததைப் புரிந்துகொள்வதிலும் தேறினார்கள். 2014-ல் வெளிவந்த அதே குழுவின் இன்னொரு ஆய்வில், ஸ்கூல் விட்டபின் ஒன்பது மாதம் ஓடியாடிய 7 முதல் 9 வயதுப் பிள்ளைகளுக்கு மனதை ஒரு வேலையில் கட்டி நிறுத்தும் திறன் கூடியிருந்தது. உலக சுகாதார நிறுவனமும் 5 முதல் 17 வயதுக்குத் தினம் சராசரி 60 நிமிஷம், மூச்சு வாங்கும்படியான அசைவு வேண்டும் என்கிறது.

பென்சில் சீவுவதைச் சோம்பல் என்று நினைக்காதீர்கள். பகல் முழுக்க பெஞ்சில் மடங்கிக் கிடந்த கால்கள் அவை. வேன் இறக்கியதும் கொஞ்சம் சுண்டலோ வாழைப்பழமோ கொடுங்கள். ஐந்தேகால் வரை தெரு அவனுடையது. பிறகு முகம் கழுவி, தினமும் அதே பாயில், அதே மூலையில் உட்காரட்டும். இருபது நிமிஷம் படிப்பு, மாடிப்படி ஒரு தடவை ஏறி இறங்கி வந்து மறுபடி இருபது. டியூஷன் வைத்தே தீரவேண்டும் என்றால் ஆறு மணிக்கு மேல் வையுங்கள்.

ஒரு இரண்டு மாதம் இப்படி ஓடியும் எழுத்துக் கூட்டத் திணறினால் வகுப்பு டீச்சரைப் பாருங்கள். கண்ணையும் சோதித்துவிடுங்கள். கரும்பலகை தெரியாத பிள்ளையும் இப்படித்தான் தண்ணி கேட்கும்.

கேள்வி: மகள் இரண்டாம் வகுப்பு. வெளியே விட்டால் கறுத்துப்போவாள் என்று அத்தை விடமாட்டேன் என்கிறார்.
– வாசகி, திருநகர்

சித்திரை வெயிலில் அழகர் பின்னாலேயே மண்டகப்படி மண்டகப்படியாகப் பேத்தியை இடுப்பில் தூக்கிக்கொண்டு அலைந்தவர்தானே உங்கள் அத்தை? அதை நீங்கள் சொல்லிக்காட்ட வேண்டாம். வெயில் இறங்கிய பிறகு மொட்டைமாடியில் ஒரு ஸ்கிப்பிங் கயிறு போதும். எண்ணுகிற வேலையைப் பாட்டியிடமே கொடுத்துவிடுங்கள். அவர் ஒன்று, இரண்டு என்று எண்ணட்டும். குதிக்கிறவள் இரண்டு, நான்கு என்று சொல்லட்டும்.